கையெழுத்துக்குப் பின்: சிவகிரியிலிருந்து பார்க்கையில் இந்திய–இலங்கை வணிக உடன்படிக்கை

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ராஜபாளையத்தைத் தாண்டினால் சிவகிரி. மேற்கே மலை, அடிவாரத்தில் நெல், கரும்பு, தென்னை, எலுமிச்சை. பழைய ஜமீன் ஊர். நெடுங்காலம் சங்கரன்கோவிலைச் சார்ந்து நிர்வாகம் நடந்த பகுதி, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. தெற்கே வாசுதேவநல்லூரைக் கடந்தால் எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு பெற்ற புளியங்குடி. இவ்வட்டாரத்துக் காயும் பழமும் இதே சாலையில் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு ஏறிப் பழகியவை. கிழக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி வழியாகப் போனால் சில மணி நேரத்தில் தூத்துக்குடித் துறைமுகம். கடலுக்கு அப்பால் கொழும்பு. அந்தக் கொழும்போடு நமக்கு 2000 மார்ச் 1 முதல் தடையில்லா வணிக உடன்படிக்கை நடப்பில் இருக்கிறது. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அதன் சுவடு இந்த அடிவாரத்துக் கமிஷன் கடைகளில் தென்படவில்லை. ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை, உடன்படிக்கையே நமக்கு எதிரானது என்பது. அல்லது, நம் விவசாயிக்கு ஏற்றுமதி தெரியாது என்பது. இரண்டும் எனக்கு ஏற்புடையவை அல்ல. இரு நாட்டு உடன்படிக்கை, தலைவர்கள் கையெழுத்திட்ட பின் இரண்டாம் முறை எழுதப்படுகிறது. அந்த இரண்டாம் எழுத்து சுங்க அறிவிக்கையிலும், மூல விதியிலும், ஒதுக்கீட்டு அளவிலும், துறைமுகப் பட்டியலிலும், மாநில வரியிலும் நடக்கிறது. அங்கே யார் போய் நிற்கிறார்களோ அவர்கள் சொன்னதே உடன்படிக்கையாகிறது. சிவகிரி அங்கே ஒருநாளும் போய் நின்றதில்லை.

சட்டமாவது எப்படி

1998 டிசம்பர் 28 அன்று புதுதில்லியில் பிரதமர் வாஜ்பாயும் குடியரசுத் தலைவர் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்டனர். நடப்புக்கு வர பதினான்கு மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் வெளிநாட்டு ஒப்பந்தம் தானாகவே உள்நாட்டுச் சட்டமாகிவிடாது. சென்னைத் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கும் சுங்க அதிகாரி உடன்படிக்கையைப் பார்த்துத் தீர்வையைக் குறைக்க முடியாது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு வெளியிடும் விலக்கு அறிவிக்கைதான் அவருக்கு வேதம். இலங்கைக்கான அந்த அறிவிக்கை 26/2000 என்ற எண்ணுடையது. எந்தப் பொருள் இலங்கைப் பொருள் என்று தீர்மானிக்கும் மூல விதிகள் தனியாக வெளியாயின. பின்னால் வந்த ஒவ்வொரு திருத்தமும் இந்த அறிவிக்கைகளின் மேல்தான் வந்தது. நாடாளுமன்றத்தில் விவாதம் தேவையில்லை. மாநில அரசைக் கேட்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் வெளிநாட்டு வணிகமும் ஒப்பந்தங்களும் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன, வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எலுமிச்சை மரம் சென்னையின் பொறுப்பு, அது கடல் தாண்டும் கணத்தில் தில்லியின் பொறுப்பு.

உடன்படிக்கையின் வெளித்தோற்றம் தாராளமானது. இந்தியா முதல் நாளிலேயே 1,351 இனங்களுக்குத் தீர்வையை முழுதாக நீக்கியது; விலக்குப் பட்டியலில் இல்லாத மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றாண்டுகளில் நீக்கியது. சிறிய நாடு என்பதால் இலங்கைக்கு எட்டாண்டு அவகாசம். இதை மட்டும் படித்தால் பெரியண்ணன் பெருந்தன்மையோடு நடந்துகொண்டதாகத் தோன்றும்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினால் கதை மாறுகிறது. இலங்கைக்கு உலகச் சந்தையில் வலுவான பொருள்கள் இரண்டு: தேயிலையும் ஆயத்த ஆடையும். தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்று உச்சவரம்பு, அதற்கும் பாதித் தீர்வைச் சலுகைதான். ஆடைக்கு 80 லட்சம் உருப்படி. அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும் என்றிருந்தது. தேயிலை கொச்சி, கொல்கத்தா வழியாகவும் ஆடை சென்னை, மும்பை வழியாகவும் மட்டுமே அன்று நுழைய முடிந்தது. கொழும்புக்கு மிக அருகில் இருக்கும் தூத்துக்குடி அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. ஆடை ஒதுக்கீட்டில் தொடக்க ஆண்டுகளில் மிகச் சிறு பகுதியே பயன்பட்டது என்பதில் வியப்பில்லை. திறந்துவைத்த வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்ட கதை இது. இந்தத் தடைகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தளர்த்துவதற்குள் வணிகர்கள் வேறு வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வனஸ்பதிக் கணக்கு

அந்த வேறு வழிதான் இவ்வுடன்படிக்கையின் வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட, குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி. மூல விதி இப்படிச் சொல்கிறது: மூன்றாம் நாட்டிலிருந்து வந்த மூலப்பொருளின் மதிப்பு, கப்பலில் ஏற்றும் விலையில் 65 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, மீதி 35 விழுக்காடு இலங்கையில் கூட்டப்பட்ட மதிப்பாக இருக்க வேண்டும். இந்திய மூலப்பொருள் 10 விழுக்காடு சேர்ந்திருந்தால் இலங்கையின் பங்கு 25 ஆனாலும் போதும். அத்துடன் பொருளின் நான்கு இலக்கச் சுங்க எண்ணும் மாறியிருக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இறுக்கமான விதி.

அக்காலத்தில் பாமாயிலுக்கு இந்தியாவில் தீர்வை மிக அதிகம், இலங்கையில் குறைவு. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் எண்ணெயைக் கொழும்புக்குக் கொண்டுவந்து, வனஸ்பதியாக்கி, தீர்வையில்லாமல் இந்தியாவுக்குள் அனுப்பும் ஆலைகள் முளைத்தன. முதல் போட்டவர்களில் இந்தியர்களே முன்னின்றார்கள். இதைப் பலர் 'ஏமாற்று' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் விதியே இந்த வேலையைச் செய்யச் சொல்லிக் கொடுத்தது புரியும்.

விளக்கத்துக்காக எண்களை எளிமையாக வைத்துக்கொள்வோம். எண்ணெய் கொழும்பில் 65 ரூபாய். பதப்படுத்தும் செலவு 10 ரூபாய். உலகச் சந்தை விலையில் 75 ரூபாய்க்கு விற்றால் இலங்கையில் கூடிய மதிப்பு 13 விழுக்காடு, சலுகை கிடைக்காது. ஆனால் இந்தியச் சந்தை உலகச் சந்தையைப் போன்றதல்ல. உயர்ந்த தீர்வையால் இங்கே விலை ஏறியிருக்கிறது. அதே வனஸ்பதியை இந்திய வணிகர் 100 ரூபாய் கொடுத்து வாங்கத் தயார். இப்போது 65 ரூபாய் மூலப்பொருள், 100 ரூபாய் விலை, கூடிய மதிப்பு சரியாக 35 விழுக்காடு. ஆலையில் கூடுதலாக ஒரு வேலையும் நடக்கவில்லை. ஒரு தொழிலாளிக்குக்கூடக் கூலி ஏறவில்லை. நம் தீர்வைச் சுவரின் உயரமே அவர்களது 'மதிப்புக் கூட்டல்' ஆகிவிட்டது. விலையை அடிப்படையாகக் கொண்ட மூல விதி, தீர்வை இடைவெளி பெரிதாக இருக்கும் பொருளில் தன்னைத்தானே தோற்கடித்துக்கொள்ளும். விலைப்பட்டியலில் பொய் எழுதியவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் பொய்யே தேவைப்படாத அளவுக்கு விதியில் ஓட்டை இருந்தது என்பதுதான் என் வாதம். செம்புக் கழிவை உருக்கி அனுப்பியதிலும் ஏறக்குறைய இதே கணக்கு.

இது தில்லிக்குப் புதிய அனுபவமும் அல்ல. 1996இல் நேபாளத்தோடு செய்த ஒப்பந்தத்தில் மதிப்புக் கூட்டல் நிபந்தனையைத் தளர்த்தியபோது இதே வனஸ்பதியும் செம்பும் வடக்கிலிருந்து வந்தன. 2002இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில் வனஸ்பதிக்கு ஒரு லட்சம் டன், செம்புக்கு 10,000 டன் என்று வரம்பு கட்டினார்கள். வடக்கில் கற்ற பாடம் தெற்கே வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. 2006இல் இலங்கை வனஸ்பதி, மார்கரின் வகைகளுக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் வரம்பு வந்தது. இறக்குமதி, வேளாண் கூட்டுறவு அமைப்பான நாஃபெட் வழியாக நடக்க வேண்டும் என்றானது. மிளகுக்கு 2,500 டன், உலர் தேங்காய்த் துருவலுக்கு 500 டன் என்ற வரம்புகளும் உண்டு.

விளைவு என்ன? 1999இல் ஏறத்தாழ 5 கோடி டாலராக இருந்த இலங்கையின் இந்திய ஏற்றுமதி 2005இல் 50 கோடி டாலரைத் தாண்டியது. உடன்படிக்கையின் வெற்றிக்கு இந்த எண்ணைச் சான்றாகக் காட்டுவோர் இன்றும் உண்டு. அதில் பெரும்பங்கு வனஸ்பதியும் செம்பும்தான். வரம்பு வந்ததும் அடுத்த ஆண்டுகளில் ஏற்றுமதி சரிந்தது; ஆலைகள் மூடப்பட்டன. 2008இல் விரிவான பொருளாதார உடன்படிக்கை ஒன்று கொழும்பில் கையெழுத்தாகத் தயாராக இருந்தது. இலங்கைத் தொழில் துறையினரின் எதிர்ப்பில் அது நின்றுபோனது. முதல் உடன்படிக்கை நடைமுறைப்பட்ட விதத்தைக் கண்டவர்கள் இரண்டாவதை நம்ப மறுத்தார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிளகும் 500 ரூபாயும்

மிளகுக்கு வனஸ்பதிக் கணக்கு செல்லாது. அது விளைபொருள், இலங்கை மண்ணில் விளைந்ததா இல்லையா என்பதே கேள்வி. விளைந்தது என்று கொழும்பிலுள்ள வணிகத் திணைக்களம் சான்றிதழ் கொடுத்தால் 2,500 டன் வரை தீர்வையில்லை. தெற்காசியத் தடையில்லா வணிகப் பகுதி வழியாக வந்தால் 8 விழுக்காடு. வியட்நாமிலிருந்து நேராக வந்தால் அதைப்போல் பல மடங்கு. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது வியட்நாம் மிளகு கொழும்பில் கப்பல் மாறி 'இலங்கை மிளகு' ஆகிறது என்று கேரளத்து, கர்நாடகத்து விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். 2017 டிசம்பரில் இந்தியா குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 ரூபாய் நிர்ணயித்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழான விலையில் இறக்குமதியே தடை என்றானது.

இந்த நடவடிக்கையின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். உடன்படிக்கையில் ஒரு சொல்கூட மாறவில்லை. ஒதுக்கீடு அப்படியே இருக்கிறது, சான்றிதழ் அப்படியே இருக்கிறது, தீர்வை சுழியம்தான். விலை மட்டும் எல்லா நாட்டுக்கும் பொதுவாகக் கட்டப்பட்டது. கொடுத்த சலுகையைக் கைவைக்காமலே திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி. ஆனால் விலைக்கட்டு, விலைப்பட்டியலைப் பொறுத்தது. விலைப்பட்டியலை எழுதுகிறவர் இறக்குமதியாளரின் கூட்டாளி. சந்தை விலை 350 ஆக இருக்கும்போது 500 என்று எழுதிக்கொண்டு வருவதை எந்தச் சட்டம் தடுக்கும்? மூலத்தை நேரடியாகச் சரிபார்க்க முடியாத அரசு விலையைச் சரிபார்க்கப் போனது, இரண்டையும் கோட்டைவிட்டது. விதி மிளகுக் கொடியைக் காப்பாற்றியதா என்று ஆரியங்காவுக்கு மேலே தோட்டம் வைத்திருப்பவரைக் கேட்டால் நேர்ப் பதில் கிடைக்காது.

உருப்படியான திருத்தம் 2020இல்தான் வந்தது. சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 21 முதல் மூல விதிகளை நிர்வகிக்கும் புதிய நெறிகள் நடப்புக்கு வந்தன. அதுவரை சான்றிதழைக் காட்டினால் போதும். இனி, பொருள் எங்கே, எப்படி உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும். ஐந்தாண்டு பாதுகாக்க வேண்டும். கேட்டால் கொடுக்க வேண்டும். பொறுப்பைச் சான்றிதழிலிருந்து மனிதருக்கு மாற்றிய இந்த நகர்வு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதனால் பழைய நோய் தீர்ந்துவிடவில்லை. 2022இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு செய்த உடன்படிக்கை நடப்புக்கு வந்த பிறகு, தங்கம் பெருமளவு கலந்த உலோகம் 'பிளாட்டினக் கலவை' என்ற பெயரில் துபாயிலிருந்து வரத் தொடங்கியது. அதைத் தடுக்க 2025 வரவுசெலவுத் திட்டத்தில் புதிய சுங்க எண்கள் உருவாக்க வேண்டியிருந்தது. வனஸ்பதி போய்ப் பிளாட்டினம், கணக்கு அதேதான்.

மாநிலத்தின் பங்கு, கொழும்பின் பங்கு

தமிழ் வாசகர் சற்று சங்கடத்தோடு கேட்க வேண்டிய செய்தி ஒன்று. உடன்படிக்கையின் தொடக்க ஆண்டுகளில் இலங்கை ஏற்றுமதியாளர்களின் புகார்களில் ஒன்று நம் மாநிலத்தின் மேல். தமிழ்நாட்டுப் பொது விற்பனை வரியில் இறக்குமதிப் பொருளுக்கு உள்ளூர்ப் பொருளைவிடக் கூடுதல் விகிதம் இருந்தது. தில்லி துறைமுகத்தில் நீக்கிய தீர்வையைச் சென்னை கடை வாசலில் வசூலித்துக்கொண்டது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோதுதான் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லாமல் போனது. கொழும்பும் சளைத்ததல்ல. அங்கே சுங்கத் தீர்வை குறைந்த பொருள்களின் மேல் 'செஸ்' வரியும் துறைமுக, விமான நிலைய மேம்பாட்டு வரியும் ஏறிக்கொண்டன. இந்தியாவிலிருந்து இலங்கைக்குச் செல்லும் பொருளில் கணிசமான பகுதி, குறிப்பாகப் பெட்ரோலியமும் வாகனங்களும், உடன்படிக்கையின் சலுகை இல்லாமலேயே போயிருக்கிறது. இரு தரப்பும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் கையெழுத்தைச் சுரண்டி எடுத்தன என்பதே நடுநிலையான மதிப்பீடு.

கடல் வணிகத்தில் சட்டம் ஒன்று சொல்ல நடைமுறை வேறொன்று செய்வது தூத்துக்குடிக்குப் பழகிய காட்சி. 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, இந்தியர் கப்பல் விடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. போட்டிக் கம்பெனியின் கட்டணக் குறைப்பும் அதிகாரிகளின் போக்கும் அவரை வீழ்த்தப் போதுமாயிருந்தன.

எலுமிச்சை மூட்டை ஏறும் வழி

இனி சிவகிரிக்குத் திரும்புவோம். இங்கே விளையும் எலுமிச்சை மூலத்தில் சந்தேகமே இல்லாத பொருள்; முழுக்க இந்திய மண்ணில் விளைந்தது. மதிப்புக் கூட்டல் கணக்கு தேவையில்லை. அப்படியானால் தடை எங்கே? ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவில் பதிவு, தாவர நலச் சான்றிதழ், ஏற்றுமதி ஆய்வுக் குழுவின் மூலச் சான்றிதழ், ஷிப்பிங் பில் என்று வரிசையாக வேண்டும். இவற்றில் பல இப்போது இணையவழியில் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் தாவர நலச் சான்றுக்குச் சரக்கை ஆய்வுக்கு வைக்க வேண்டும். சுங்க ஏஜென்டுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இந்தச் செலவுகளில் பெரும்பகுதி மூட்டைக் கணக்கில் வருவதில்லை, சரக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று வருகிறது. இருபது டன் ஏற்றுபவருக்கு அது தூசு; இரண்டு டன் ஏற்றுபவருக்குத் தீர்வைச் சலுகை முழுவதையும் விழுங்கிவிடும். ஒன்றிரண்டு ஏக்கர்க்காரர்கள் நிறைந்த அடிவாரத்தில், ஏற்றுமதி தெரியாததால் எலுமிச்சை கேரளத்துக்குப் போகிறது என்று சொல்வது பிழை. கணக்குத் தெரிந்ததால்தான் போகிறது. ஆரியங்காவில் மூலச் சான்றிதழ் கேட்பவர் யாரும் இல்லை.

தேங்காயின் நிலை இன்னும் நுட்பமானது. இங்கே உடன்படிக்கை விற்கும் வாய்ப்பாக வருவதைவிட, வரம்பு கட்டிய போட்டியாகவே வருகிறது. உலர் தேங்காய்த் துருவலுக்கு இலங்கை பெயர் பெற்றது. இந்தியா கட்டிய 500 டன் வரம்பு தென்னை விவசாயிக்குப் பாதுகாப்பு. ஆனால் அது ஒரு அறிவிக்கையில் எழுதிய எண். அறிவிக்கையை மாற்ற ஒரு நாள் போதும். அந்த எண்ணை ஐயாயிரமாக்கலாமா என்று முடிவெடுப்பவர்கள் பொள்ளாச்சியைக் கேட்கக்கூடும், கோட்டயத்தைக் கேட்கக்கூடும். சிவகிரியைக் கேட்பதற்கான வாசல் எதுவும் சட்டத்தில் இல்லை.

உடன்படிக்கையில் அதற்கான இடம் இல்லாமலும் இல்லை. அமைச்சர்கள் மட்டத்தில் கூட்டுக் குழு ஒன்று அமைக்கப்பட்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடி நடைமுறையைப் பரிசீலிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் குழுவுக்கு முன் மாநிலங்களின் வேளாண், தோட்டக்கலைத் துறைகள் மாவட்ட வாரியான அறிக்கை வைக்க வேண்டும் என்று ஒரு நிர்வாக ஆணை போட அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. ஒதுக்கீட்டு அளவையோ குறைந்தபட்ச விலையையோ மாற்றும் அறிவிக்கையை வரைவு நிலையில் முப்பது நாள் முன்பே, தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடுவதும் பெரிய செலவில்லை. சிறு ஏற்றுமதியாளருக்கான சான்றிதழ்ச் செலவை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாகத் தொகுத்து ஈடுகட்டலாம். மூன்றும் சிறிய வேலைகள்; தில்லியில் ஒரு இணைச் செயலரும் சென்னையில் ஒரு ஆணையரும் மனம் வைத்தால் ஓராண்டில் நடந்துவிடும்.

பிரிட்டனோடு 2025 ஜூலை 24இல் கையெழுத்தான உடன்படிக்கை வரை நாம் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டுக்கொண்டே போகிறோம். தீர்வை எத்தனை விழுக்காடு குறைந்தது என்ற பட்டியல்கள் நாளிதழ்களில் வருகின்றன. அவற்றோடு வெளியாகும் மூல விதிகளை மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒருவராவது முழுதாகப் படித்து, அதில் எலுமிச்சைக்கும் தென்னைக்கும் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒரு பக்கத் தமிழில் எழுதிச் சந்தை வாசலில் ஒட்டட்டும். அந்த வேலையைத் தமிழ்நாடு அரசு தென்காசி மாவட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.